பனிக்கு அடியில் கேட்ட ஒலி

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய கூட்டத்தில் விஞ்ஞான விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது, "துருவப் பனியை ஆராயும் புவிப்பௌதிகம்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "தம்பி, ருவான்வெல்லையில் ஐஸ் என்றால் சந்தையில் மீன்காரர் பெட்டியில் கிடப்பதுதான். அதற்கு மேல் யாருக்கு என்ன தெரியும்?" என்றார். வீட்டில் எமது அம்மாயியும் ஏறக்குறைய இதையே கேட்டார். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததில் கண்டது இதுதானா என்ற தொனியும் அவர் குரலில் இருந்தது.

கேள்வி நியாயமானதே. ஆகையால் அந்தாட்டிக்காவுக்குப் பயணப்படுமுன் நம் சப்பிரகமுவையிலேயே சற்று நின்று செல்வோம்.

பலாக்காயை விரலால் தட்டிப் பாராதவர் இங்கே யாராவது உண்டா? முற்றியதற்கு ஒரு சத்தம், முற்றாததற்கு வேறொரு சத்தம். வெட்டாமலே உள்ளிருப்பதைச் சொல்லிவிடுகிறோம். இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கம் அகழ்பவர்கள் இதில் ஒரு படி மேலே போனவர்கள். குழி தோண்டுவதற்கு முன் நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை ஈர நிலத்தில் இறக்குவார்கள். களிமண்ணில் போகும்வரை கம்பி பேசாது. கற்கள் கிடக்கும் சரளைப் படையை, அவர்கள் "இல்லம்" என்று சொல்லும் அந்தப் படையை, முனை தொட்டவுடன் கரகரவென்று ஓர் ஒலி கம்பி வழியே மேலேறி வரும். பழகிய கைக்கு அது போதும். தோண்டலாமா, விட்டுவிடலாமா என்று அங்கேயே தீர்மானித்து விடுவார்கள். கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் இருப்பதை மேலே நின்று தட்டியும் கேட்டும் அளந்தும் அறிவது எதுவோ, அதுதான் புவிப்பௌதிகம். மிச்சமெல்லாம் உபகரணங்களின் பெருமை.

இனிப் பனிக்கு வருவோம். அந்தாட்டிக்காக் கண்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போன்ற இருநூறு தீவுகளை அதற்குள் பரப்பி வைத்தாலும் இடம் மிஞ்சும். அது ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியால் மூடிக் கிடக்கிறது. அந்தப் பனிக்கட்டியின் சராசரிக் கனம் சுமார் 2 கிலோமீற்றர். மிகத் தடித்த இடத்திலோ ஏறத்தாழ 4.8 கிலோமீற்றர், அதாவது நமது பீதுருதலாகலை மலையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை அடுக்கிய அளவுக்குக் கிட்ட வரும். இவ்வளவும் ஒரு காலத்தில் வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்த பனிதான். ஆண்டுக்கு ஆண்டு விழுந்து, தன் பாரத்தால் தானே அமுங்கி இறுகியது. அப்படி இறுகியது ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. தட்டில் கொட்டிய களி ஓரத்தை நோக்கிப் பரவுவதுபோல, நடுக்கண்டத்திலிருந்து கடலை நோக்கி ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே விழுகிற பனியும் கடலில் போய்ச் சேர்கிற பனியும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை கடல்மட்டம் அப்படியே இருக்கும். கணக்குத் தவறினால் கடல் ஏறும். அந்தாட்டிக்காப் பனி முழுவதும் கரைந்தால் உலகக் கடல்கள் ஏறத்தாழ 58 மீற்றர் உயரும் என்பது கணக்கு. அது நாளைக்கு நடக்கப் போவதில்லை; பயப்பட வேண்டாம். ஆனால் அதில் ஒரு சிறு பங்கு கரைந்தாலே கரையோரத்து மக்களுக்குப் போதும்.

ஆகவே அறிய வேண்டியது, பனி எவ்வளவு வேகமாக நகர்கிறது, ஏன் நகர்கிறது என்பதே. இதற்கான விடை மேற்பரப்பில் இல்லை. பனியின் அடியில், அது நிலத்தோடு உராயும் இடத்தில் இருக்கிறது. இரண்டு கிலோமீற்றர் பனிக்கட்டிக்குக் கீழே எட்டிப் பார்ப்பவர் யார்?

1957ஆம், 1958ஆம் ஆண்டுகளில் சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு என்று ஒரு பெரும் கூட்டு முயற்சி நடைபெற்றது. ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த வல்லரசுகள் உட்படப் பன்னிரண்டு நாடுகள் அந்தாட்டிக்காவில் ஆராய்ச்சி நிலையங்களை நடத்தின. (அக்காலத்துப் பகைமைக்குப் பனிப்போர் என்ற பெயர் அங்கேயாவது பொருத்தமாக அமைந்தது.) அப்போது அங்கே போனவர்களில் ஒருவர் சாள்ஸ் பென்ட்லி. முப்பது வயது ஆகாதவர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கிறீன்லாந்துப் பனியைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தவர். மேற்கு அந்தாட்டிக்காவில் பேர்ட் என்ற நிலையத்தில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தார். அங்கே குளிர்காலம் என்பது சூரியன் மாதக்கணக்காக முகம் காட்டாத காலம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் அவரும் தோழர்களும் சங்கிலிச் சக்கர வண்டிகளில் நூற்றுக்கணக்கான மைல்கள் பனிமேல் பிரயாணம் செய்தார்கள். இடையிடையே வண்டியை நிறுத்திப் பனியில் ஒரு துளை இடுவார்கள். துளைக்குள் வெடிமருந்து. பக்கத்தில் வரிசையாக, நில அதிர்வை வாங்கும் சிறு கருவிகள். வெடித்ததும் அதிர்வு பனிக்குள் இறங்கி, அடியிலுள்ள பாறையில் மோதி, எதிரொலியாகத் திரும்பி வரும். பனிக்கட்டிக்குள் அந்த அதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 3,800 மீற்றர் வேகத்தில் செல்கிறது. எதிரொலி ஒன்றரை வினாடியில் திரும்பினால், போக முக்கால் வினாடி, வர முக்கால் வினாடி. ஆகப் பனியின் கனம் 2,850 மீற்றர். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் விரல் மரத்துப்போகும் குளிரில், காற்று அடங்கிய நேரம் பார்த்து, ஒரு வெடியை வீணாக்காமல் அதைச் செய்து முடிப்பது ஐந்தாம் வகுப்புக் காரியம் அல்ல.

கண்டது என்ன? மேற்கு அந்தாட்டிக்காவில் பனிக்குக் கீழே இருந்த நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மிகக் கீழே கிடந்தது. பனியை அகற்றினால் அங்கே பெரும்பாலும் கடலே இருக்கும். நிலம் தீவுகளாகத்தான் தலைகாட்டும். ஒரு பள்ளம் கடல்மட்டத்துக்குச் சுமார் 2,500 மீற்றர் கீழே போகிறது. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதலாகலையைப் பெயர்த்து அதற்குள் வைத்தால், உச்சி கடல்மட்டத்தோடு சமமாக நின்றுவிடும். அந்தப் பள்ளத்துக்குப் பிற்காலத்தில் பென்ட்லியின் பெயரையே வைத்தார்கள். மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை பூமிப்படத்தில் ஒருவருக்கு இடம் தேடிக் கொடுத்தது. அவர் 1959இல் கலாநிதிப் பட்டம் பெற்று, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 2017இல் காலமானார்.

அடுத்த வியப்பு தண்ணீர். 1968இல் பேர்ட் நிலையத்தில் 2,164 மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு அடியைத் தொட்டார்கள். அங்கே தண்ணீர் இருந்தது! மேலே எலும்பை உறைய வைக்கும் குளிர், கீழே ஈரம். பூமியின் உள்ளிருந்து கசியும் வெப்பம் அடியை எட்டுகிறது. மேலேயுள்ள பனி ஒரு கம்பளிபோல் அந்த வெப்பத்தை வெளியேற விடாமல் மூடிக்கொள்கிறது. போதாக்குறைக்கு அத்தனை பாரம் அழுத்தும்போது பனிக்கட்டி சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகுகிறது. ரஷ்யர்களின் வொஸ்தொக் நிலையத்தின் அடியில் சுமார் 250 கிலோமீற்றர் நீளமான ஏரியே இருக்கிறது என்பது 1990களில் உறுதியாயிற்று. இலங்கையின் நீளத்தில் பாதிக்கு மேல்! ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் பனி அதற்கு மூடி. விமானத்திலிருந்து ராடர் அலைகளைப் பனிக்குள் செலுத்தி அடித்தளத்தைப் படம்பிடிக்கும் முறை 1960களில் கேம்பிரிட்ஜ் அறிஞர்களால் வளர்ந்த பின், இப்படி நூற்றுக்கணக்கான ஏரிகளுக்கு வழி பிறந்தது. ராடர் கதை தனியே ஒரு பேச்சுக்கு ஆகும். இன்று அதை விட்டுவிடுகிறோம்.

நாம் சொல்ல வந்தது இனிமேல்தான்.

மேற்கு அந்தாட்டிக்காவில் பனி எல்லா இடத்திலும் ஒரே சீராக நகர்வதில்லை. சில இடங்களில் பத்துக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில், ஆறுபோல் விரைந்து ஓடுகிறது. பனியாறு என்று அதைச் சொல்வோம். ஆராய்ந்தவர்கள் அவற்றுக்கு முதலில் ஏ, பி, சி என்று எழுத்துகளையே பெயராக வைத்தார்கள். 'பி' ஆறு வருஷத்துக்கு 400 மீற்றருக்கு மேல் ஓடியது. ஒரு நாளைக்கு ஒரு மீற்றருக்கு மேல் என்றால் பனிக்கு அது பாய்ச்சல்தான். அதன் அயல் ஆறான 'சி'யோ, அதே பனி, அதே கண்டம், ஆனால் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நின்றுபோனது. ஏன்?

1986இல் பென்ட்லியின் குழுவினர் 'பி' ஆற்றின் அடியில் சுமார் 6 மீற்றர் கனமான, தண்ணீர் ஊறிய சேறும் சரளையும் கலந்த படை இருப்பதை எதிரொலியால் கண்டார்கள். பனியாறு பாறைமேல் அல்ல, கொழகொழத்த சேற்றின்மேல் சறுக்குகிறது என்று கருத இடம் பிறந்தது. அப்போது அதே விஸ்கொன்சினில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய வந்த ஒரு மாணவரின் பெயரைப் படித்ததும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஸ்ரீதர் ஆனந்தகிருஷ்ணன். நம் காதுக்கு எவ்வளவு பழகிய பெயர்! பெயருக்காக ஒருவரைப் புகழ்வது சரியல்லதான். ஆனால் நமக்குத் தெரிந்த உலகத்துப் பெயரொன்று தென்துருவத்தில் ஒலிப்பதைக் கண்டு மகிழ்வதில் பிழையில்லை.

அவர் இந்த ஆராய்ச்சிக்குத் தட்டவில்லை, கேட்டார். வெடி வைத்து எதிரொலிக்குக் காத்திராமல், பனிமேல் அதிர்வுக் கருவிகளை வைத்துவிட்டு, பனி தானாக என்ன சத்தம் போடுகிறது என்று பதிவுசெய்தார். அடித்தளத்தில் சின்னஞ்சிறு பூமியதிர்ச்சிகள் உண்டாகின்றன. மேலே நிற்கும் மனிதனுக்கு ஒன்றும் தெரியாது; கருவிக்குத் தெரியும். அந்த ஆராய்ச்சியே 1990இல் அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வாயிற்று. பின்னர் பென்ட்லியோடு சேர்ந்து 1993இல் அம்முடிவுகளை வெளியிட்டார்.

எது அதிகம் சத்தம் போட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஓடுகிற ஆறா, நின்ற ஆறா? நாமும் ஓடுகிற ஆறு என்றே நினைத்தோம். உண்மை நேர்மாறு. விரைந்து ஓடிய 'பி'யின் அடி ஏறக்குறைய மௌனமாக இருந்தது. நின்றுபோன 'சி'யின் அடியிலோ ஓயாத முறுமுறுப்பு. கிணற்றுக் கப்பியை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் உள்ள கப்பி சத்தமின்றிச் சுழலும். எண்ணெய் வற்றிய கப்பி ஊரைக் கூட்டும். 'பி'யின் அடியில் தண்ணீரும் சேறும் எண்ணெயாக இருந்தன. 'சி'யின் அடியில் அங்கங்கே அந்த வழுவழுப்பு வற்றி, பனி நிலத்தைப் பற்றிக்கொண்டு, பற்றிய இடம் சிறிது சிறிதாக முறிந்துகொண்டிருந்தது. முறியும் ஒலியே அந்த அதிர்ச்சிகள்.

அப்படியானால் 'சி'யின் தண்ணீர் எங்கே போயிற்று? 1997இல் அவரும் றிச்சட் அலி என்ற அறிஞரும் ஒரு விளக்கம் தந்தார்கள். மேலே பனியின் வடிவம் சிறிது மாற, அடியில் ஓடிய தண்ணீர் பாதை மாறி அயல் ஆறான 'பி'யின் பக்கம் திரும்பிவிட்டது என்பதே அது. வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல் வயல்காரன் இரவோடிரவாக வாய்க்காலை வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொண்டால் கீழ் வயல் காய்கிறதல்லவா? அறிஞர்களும் அதற்குத் தண்ணீர்க் கொள்ளை என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் நாம் வெகுநேரம் நின்று யோசித்தோம். ஆயிரம் மீற்றர் கனமான பனி ஓடுவதும் நிற்பதும் அதன் பாரத்தில் மட்டும் இல்லை; அடியில் ஊறும் சிறிது தண்ணீரில் இருக்கிறது. 2003இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சியிலும் ஆனந்தகிருஷ்ணன் பங்குகொண்டார். அது இன்னும் விநோதமானது. இப்போது வில்லன்ஸ் என்று பெயர் பெற்றுள்ள அதே 'பி' ஆற்றின் கடலோரப் பகுதி நாள் முழுவதும் ஒரே சீராக நகர்வதில்லை. மணிக்கணக்காக அசையாமல் நின்று, பின் அரை மணி நேரத்துக்குள் அரை மீற்றர் வரை சட்டென்று சறுக்கி, மறுபடி நின்றுவிடுகிறது. கடலின் ஏற்றவற்றத்தை ஒட்டி, நாளுக்கு இரண்டு முறை!

இன்று அறிஞர்களின் கவலையெல்லாம் துவேற்றஸ் என்ற பனியாற்றைப் பற்றியது. அதன் பரப்பு சுமார் 1,92,000 சதுர கிலோமீற்றர். ஏறத்தாழ மூன்று இலங்கை. அதன் அடித்தளம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உள்நோக்கிப் போகப் போக இன்னும் ஆழமாகிறது. வெதுவெதுப்பான கடல்நீர் முன்பக்கத்தை அரிக்க, பனி பின்வாங்குகிறது. பின்வாங்கப் பின்வாங்க ஆழமான நீரில் அகப்படுகிறது. அது முழுவதும் போனால் உலகக் கடல் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் உயரும். பிரித்தானியாவும் அமெரிக்காவும் 2018இல் தொடங்கிய கூட்டு ஆராய்ச்சியில், அந்தப் பனியாற்றின் அடித்தளத்தைத் தட்டியும் கேட்டும் அறியும் பிரிவை நடத்தியவர்களில் ஆனந்தகிருஷ்ணன் ஒருவர். இப்போது அவர் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகப் பேராசிரியர். அடியில் கிடப்பது கடும்பாறையா, மெத்தென்ற சேறா? பாறையானால் பனி சற்றுத் தாமதிக்கும், சேறானால் விரையும். மணல்மேல் வீடு கட்டிய மனிதனின் கதையை மிஷன் பாடசாலையில் நாம் மனப்பாடம் செய்து ஒப்புவித்திருக்கிறோம். அடித்தளம் என்ன என்று முதலில் பார் என்ற அந்தக் கேள்விக்குக் கோடிக்கணக்கில் பணம் செலவிட்டு விடை தேடுகிறார்கள் என்று அப்போது யார் கண்டது!

இதற்கும் நமக்கும் என்ன என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. இரண்டு விடை உண்டு.

முதலாவது கடல். 2002 முதல் 2017 வரை இரண்டு செய்மதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, தமக்கிடையேயுள்ள தூரம் நுணுக்கமாக மாறுவதைக் கொண்டு பூமியின் ஈர்ப்பை அளந்தன. 2018 முதல் வேறிரண்டு அந்த வேலையைத் தொடர்கின்றன. அவை காட்டும் கணக்கின்படி அந்தாட்டிக்கா சராசரி வருஷத்துக்கு ஏறத்தாழ 15,000 கோடி தொன் பனியை இழக்கிறது. கிறீன்லாந்து அதற்கும் மேல். பெரும் பனிக்குவியல் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த இழுப்பும் குறையும். நீர் தூரதேசங்களுக்குப் போய்ச் சேரும். ஆகவே தென்துருவத்துப் பனி கரைவதன் பலன் தென்துருவத்துக் கரையைவிட நம்மைப் போன்ற வெப்பநாட்டுக் கரைகளில் அதிகம். நம் ஊரைத் தொட்டு ஓடும் தண்ணீரெல்லாம் களனி கங்கையாய்க் கடலில் போய்ச் சேர வேண்டும். கடல் உயர உயரக் கீழே வெள்ளம் வடிவது தாமதமாகும்.

இன்னொன்று, நாமும் அந்தாட்டிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த அயலவர்கள். கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் பிளவுபடுமுன் இலங்கை அந்தாட்டிக்காவின் பக்கத்தில் இருந்தது. ஜப்பானியரின் ஸ்யோவா நிலையத்தைச் சூழ்ந்த பாறைகளும் நம் மலைநாட்டுப் பாறைகளும் உறவு கொண்டாடுவன. ஏறத்தாழ 55 கோடி வருஷங்களுக்கு முன் ஒரே உலையில் வெந்தவை. அங்கே பாறையைப் பனி மூடியிருக்கிறது. இங்கே இறப்பரும் தேயிலையும் மூடியிருக்கின்றன.

இரண்டாவது விடைதான் நம்மை இந்த விஷயத்துக்கே இழுத்து வந்தது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது உங்களில் யாருக்கு மறக்கும்? நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயத்தின்மேலும் மண் வந்தது. அதற்கு முன் 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அரநாயக்க இரவில் நாம் சிறுபிள்ளை. அம்மா ஒரு கையில் துணி மூட்டையும் மறு கையில் தம்பியுமாக எம்மைப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். தாத்தா வரமாட்டேன் என்று லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். "அறுபது வருஷமாக அசையாத மலை இன்றைக்கா அசையும்?" என்றார். அவரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எங்கள் மலை அன்று அசையவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை.

அறுபது வருஷம் அசையாத மலை ஏன் ஒரு நாளில் அசைகிறது? பாரம் புதிதல்ல, சரிவும் புதிதல்ல. மழைநீர் இறங்கி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையே ஊறி, அங்கே அழுத்தம் ஏறி, மண்ணைப் பாறை பிடித்திருந்த பிடி தளர்கிறது. பனியாற்றின் அடியில் நடப்பதும் இதுவே. பனி நூறு வருஷம் ஓடும். மண் ஒரு நிமிஷத்தில் ஓடிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி ஈரப்படையைக் கண்டுபிடிப்பதும், தட்டி எதிரொலி கேட்பதும் மலைச்சரிவுகளுக்கும் பயன்படும் முறைகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தினர் மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்கு வரைபடமே தயாரித்திருக்கிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் ஓரிருவராவது இந்தப் படிப்புக்குப் போகவேண்டும் என்பது எமது ஆசை. தென்துருவத்துக்குப் போனாலும் சரி, எட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள மலைக்குப் போனாலும் சரி.

அதுவரை செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்த நிறுவகத்தின் எச்சரிக்கைக் கணக்கு மிக எளியது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிரு. 100 ஆனால் புறப்படத் தயாராகு. 150 ஆனால் வெளியேறு. ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதே. ஆனால் எங்கோ பட்டணத்தில் பெய்த மழையை வானொலி சொல்வதால் நம் லயத்துக்கு மேலே பெய்த மழை தெரியாது. மலையின் இந்தப் பக்கம் கொட்டும்போது அந்தப் பக்கம் தூறும். ஆகவே சங்கத்தின் செலவில் மழைமானிகள் வாங்கித் தோட்டத்துக்கு ஒன்றாக வைக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். பெரிய செலவில்லை, நேர்ச்சுவருள்ள கண்ணாடிப் போத்தலும் அடிமட்டமும் இருந்தாலே ஆரம்பிக்கலாம். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒருவர் அளந்து கொப்பியில் எழுதவேண்டும். கனத்த மழை நாளில் இரவிலும் எழுந்து பார்க்கவேண்டும். அதுதான் சிரமம். எந்தத் தோட்டத்தில் யார் பொறுப்பெடுப்பது என்பதைக் கூட்டம் முடிந்ததும் தேநீர் குடிக்கும்போது பேசி, பெயர்களைக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவோம்.